கோட்டையைச் சாய்த்தது குண்டு மட்டுமா?

மலருக்குக் கட்டுரை கேட்ட செயலாளர் அண்ணன், "தயவுசெய்து டெக்னிகலா எதுவும் எழுதிடாதேப்பா, யாரும் படிக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டார். ஆகவே, படிக்கிற காலத்தில் நாம் ரயிலிலும் பஸ்ஸிலும் தூங்கிக்கொண்டே கடந்துபோன ஊர்களின் யுத்தக் கதைகள் சில.

முதலில் கோவளம். 1750-ல் அங்கிருந்த கோட்டை நவாபின் ஆட்கள் வசம் இருந்தது. ஒரு நாள் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று வந்து நங்கூரம் போட்டு, ஆபத்து என்று சைகை காட்டியது. "மாலுமிகள் பாதிப் பேர் ஸ்கர்வி நோயில் செத்துட்டாங்க, மிச்சம் பேரையாவது கரையில் இறக்க விடுங்க" என்று கெஞ்சல். நல்ல பணம் கிடைக்கும் என்ற ஆசையில் கோட்டைத் தலைவர் சம்மதித்தார். தள்ளாடிக்கொண்டு உள்ளே வந்தார்கள் முப்பது 'நோயாளிகள்'. துணிக்குள் ஆயுதம்! ராத்திரியில் கோட்டை பிரெஞ்சுக்காரர்கள் கையில்.

இரண்டு வருஷம் கழித்து, 1752-ல், அதை மீட்க வந்தவர் ராபர்ட் கிளைவ். வயது 26. கூட வந்தவர்கள் 500 சிப்பாய்கள், லண்டன் தெருக்களில் பிடித்து அனுப்பிய 200 கத்துக்குட்டிகள். கோட்டையிலிருந்து குண்டு வந்ததும் இவர்கள் எடுத்தார்கள் ஓட்டம். அதில் ஒருவரை மறுநாள் கிணற்றுக்குள்ளிருந்து கண்டுபிடித்தார்களாம்! கிளைவ் தானே குண்டுகளுக்கு நடுவே போய் நின்று அவர்களுக்கு ரோஷம் ஊட்ட வேண்டியிருந்தது. கோட்டை சரணடைந்தது.

விஷயமே இனிமேல்தான். கோவளம் விழுந்தது தெரியாமல், அதைக் காப்பாற்ற செங்கல்பட்டுக் கோட்டையிலிருந்து ஒரு படை கிளம்பி வந்துகொண்டிருந்தது. வழியில் கிளைவ் பதுங்கிக் காத்திருந்தார். ஒரே வேட்டில் நூறு பேர் போல விழுந்தார்கள், பலர் சிறைப்பட்டார்கள். அடுத்து, ஏரியும் சதுப்பும் காவலிருந்த செங்கல்பட்டுக் கோட்டையும் பணிந்தது. கோவளம் கோட்டையை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். இன்று அந்த இடத்தில் நட்சத்திர ஓட்டல்.

1758 டிசம்பரில் சென்னையை முற்றுகையிட வந்தார் பிரெஞ்சுத் தளபதி லாலி. செங்கல்பட்டைப் பிடிக்க நாளாகும் என்று அதை அப்படியே விட்டுவிட்டு முன்னேறினார். அங்கிருந்து கிளம்பிய பிரெஸ்டனும், மருதநாயகம் என்று நாம் அறிந்த யூசுப் கானும், பின்னாலிருந்து அவரைக் குடைந்து எடுத்துவிட்டார்கள். 1759 பிப்ரவரியில் ஆங்கிலேயக் கப்பல்கள் வரவும், லாலி மூட்டை கட்டினார்.

இப்போது கடலுக்கு வருவோம். அமெரிக்க சுதந்திரப் போர் மாமல்லபுரத்துக்குப் பக்கத்திலும் நடந்தது என்றால் நம்புவீர்களா? அந்தப் போரில் பிரான்ஸ் அமெரிக்காவின் பக்கம் சேர்ந்ததால், பிரெஞ்சு, ஆங்கிலேயக் கப்பல்கள் உலகமெல்லாம் மோதிக்கொண்டன. 1782 பிப்ரவரி 17-ல் சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே கடலில் பிரெஞ்சு சுஃப்ரேனும் ஆங்கிலேய ஹ்யூஸும் மோதினார்கள். வெற்றி தோல்வி தீரவில்லை. இருவரும் மொத்தம் ஐந்து முறை மோதினார்கள். ஐந்தாவது, 1783 ஜூன் 20-ல், கடலூருக்கு எதிரே.

ஆனால் ஐரோப்பாவில் இரு நாடுகளும் பூர்வாங்க சமாதானத்தில் கையெழுத்துப் போட்டது அதே வருஷம் ஜனவரி 20-ல்! சேதி இங்கே வந்து சேர்ந்தது ஜூன் மாதக் கடைசியில். முடிந்துபோன சண்டைக்காக மனிதர்கள் செத்தார்கள். ஐந்து மாதம் கழித்து.

கோவளத்தில் பொய்ச் சேதி. செங்கல்பட்டில் வராத சேதி. கடலூரில் தாமதமான சேதி. பீரங்கி அதற்கப்புறம்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், திருத்திய டிராயிங் சைட்டுக்கு இரண்டு நாள் லேட்டாக வந்தது. அதற்குள் பழைய டிராயிங்படி கான்கிரீட் போட்டு முடித்திருந்தோம். "யாருகிட்டயும் ஒரு வார்த்தை கேட்கலியா?" என்றார் மேலதிகாரி. கேட்கவில்லை. தலை குனிந்து நின்றேன். உடைத்துவிட்டு மறுபடி போட்டோம். கான்கிரீட் என்பதால் அது முடிந்தது. கடலூர்க் கடலில் போனவர்களை என்ன செய்வது?

ஜூனியர் தம்பி, தங்கைகளே, அடுத்த முறை மகாபலிபுரம் போனால், அப்படியே இன்னும் கொஞ்சம் தெற்கே போய் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையையும் எட்டிப் பாருங்கள். மதில் மேல் நின்று கடலைப் பாருங்கள். அங்கேதான் நடந்தது.