மார்கழிப் புள்ளிகள்: ஹெபடைடிஸ் சியும் சிறுநீரகமும்

ஜேடர்பாளையத்துல எங்க பெரியப்பாவுக்கு ராஜா வாய்க்கால் பாசனத்துல கொஞ்சம் வெற்றிலைக் கொடிக்கால் உண்டு. 1988-ல் ஒரு விபத்து, பெரிய ஆபரேஷன், ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்து வந்துவிட்டார். அந்த ரத்தத்தில் என்ன இருந்தது என்று சோதிக்க அன்றைக்கு உலகத்தில் எங்கேயும் வழி இல்லை. மைக்கேல் ஹௌட்டன் குழு ஹெபடைடிஸ் சி வைரஸை அடையாளம் கண்டது 1989-ல். அதற்கு முன் அதன் பெயரே 'ஏயும் இல்லை, பியும் இல்லை' என்பதுதான்.

இருபது வருஷம் கழித்து, மார்கழியில் விடியற்காலை தண்ணி கட்டப் போனால் காலில் செம்புள்ளிகள் வரும். மூட்டு வலி, அசதி. பனி என்று விட்டுவிட்டோம். மெல்ட்சரும் ஃபிராங்க்ளினும் 1966-லேயே இந்த மூன்றையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள் என்று பிறகுதான் படித்தேன். குளிரில் உறையும் புரதங்கள், கிரையோகுளோபுலின். வைரஸை எதிர்த்து உடம்பு வருஷக்கணக்கில் எதிர்ப்புப் புரதம் செய்துகொண்டே இருக்க, அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு சிறு ரத்தக் குழாய்களில் படிகின்றன. சிறுநீரக வடிகட்டியில் படிந்தால் அங்கே அழற்சி. சிறுநீர் நுரைக்கும், கால் வீங்கும். அப்படிப்பட்ட சிறுநீரக நோய்க்கும் ஹெபடைடிஸ் சிக்கும் உள்ள தொடர்பு 1993-ல்தான் தெளிவாக வெளிவந்தது.

"கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சாப் போவுது கண்ணு" என்பார் பெரியப்பா. சிரிக்க வேண்டாம். 1988-ல் சென்னையில் தியாகராஜன் குழு, நோபல் பெற்ற புளூம்பெர்க்கோடு சேர்ந்து, கீழாநெல்லி பற்றி லான்செட்டில் எழுதியது. ஆனால் அது ஹெபடைடிஸ் பி. பின்னால் வந்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதியாகவில்லை.

1994-ல் இத்தாலிய மருத்துவர்கள் இன்டர்ஃபெரான் ஊசி போட்டுப் பார்த்தார்கள். வைரஸ் மறைந்தவர்களுக்குப் புள்ளியும் குறைந்தது, சிறுநீரகமும் தேறியது. ஊசியை நிறுத்தினதும் வைரஸ் திரும்பியது, நோயும் திரும்பியது. வைரஸ்தான் காரணம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா! துணை மருந்தான ரிபாவிரின் சிவப்பணுக்களை உடைக்கும். ஏற்கெனவே ரத்தசோகையில் இருக்கும் கிட்னி நோயாளிக்கு அது இன்னொரு அடி.

2013 டிசம்பரில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் வந்தது. மாத்திரை ஒன்று 1,000 டாலர், பன்னிரண்டு வாரத்துக்கு 84,000. அடுத்த செப்டம்பரில் இந்தியக் கம்பெனிகளுக்கு உரிமம் கிடைத்து, 2015-ல் இங்கே பல மடங்கு குறைந்த விலைக்கு விற்பனையானது. அதற்குள் பெரியப்பா வாரம் மூணு நாள் டயாலிசிஸில். இங்கேதான் எனக்கு ஆத்திரம். அந்த மருந்து உடம்பில் மாறி, சிறுநீரகம் வழியாகவே வெளியேறும். ஆகவே வடிகட்டும் திறன் 30-க்குக் கீழே போனவர்களுக்குப் பரிந்துரை இல்லை. வைரஸால் கிட்னி போனவருக்கே வைரஸ் மருந்து இல்லை! அவர்களுக்காக மேல்நாட்டில் வந்த கிராசோபிரெவிர்–எல்பாஸ்விர் முதல், நான்காம் வகை வைரஸ்களுக்கானது. இந்தியாவில் அதிகம் இருப்பதோ மூன்றாம் வகை.

ஆகவே நம் மருத்துவர்கள் காத்திருக்கவில்லை. கையில் இருந்த சோஃபோஸ்புவிரோடு டாக்லாடாஸ்விர் சேர்த்து, சிலர் பாதி அளவிலும் சிலர் முழு அளவிலும், டயாலிசிஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பதிவு செய்தார்கள். பெரும்பாலோருக்கு வைரஸ் போனது. அமெரிக்க மருந்துக் குறிப்பில் அந்தத் தடை நீங்கியது 2019-ல். 2018 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தில் மாத்திரை இலவசம்.

பெரியப்பா அப்போதுதான் சாப்பிட்டார், பன்னிரண்டு வாரம். முடிந்து மூன்று மாதம் கழித்துச் சோதித்தபோதும் வைரஸ் இல்லை. அடுத்த மார்கழியில் புள்ளிகள் வரவில்லை. தழும்பாகிப் போன கிட்னி மட்டும் திரும்பவில்லை. பத்து வருஷம் முன்னால் என்றால் திரும்பியிருக்கலாம்.

இன்னொன்று. வைரஸ் போனாலும் எதிர்ப்புப் புரதம் ரத்தத்தில் தங்கிவிடும், சாதாரணப் பரிசோதனை 'பாசிட்டிவ்' என்றே காட்டும். ஆள் மாறும்போதெல்லாம் அவரைத் தனி மெஷினுக்கு அனுப்புகிறார்கள். அதனால் ஆர்என்ஏ ரிப்போர்ட்டை லேமினேட் பண்ணி, சாப்பாட்டுத் தூக்கோடு பையில் வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுகிறார்.