களைப்பு நீக்கும் கனி

திருவனந்தபுரத்திலிருந்து விதுரை வழியாகப் பொன்முடிக்குச் செல்வோர், மலையேற்றம் தொடங்குமிடத்தில் கல்லாற்றைக் காண்பர். உருண்ட பாறைகளினூடே தெளிந்த நீர் ஓடும் அக்கரையில் ஒரு நாழிகை அமர்ந்தவர், இங்கேயே ஒரு குடிசை கட்டிக்கொண்டு இருந்துவிட்டால் என்ன என்று எண்ணாதிருத்தல் அரிது. பிழைப்பின் பொருட்டு வேற்று மாநிலம் வந்து, வீட்டு வாடகைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் ஓயாது உழைக்கும் நம்மனோர்க்கு இவ்வெண்ணம் இன்னும் எளிதில் பிறக்கும்.

இது புதிய எண்ணமன்று. அமெரிக்க அறிஞர் தோரோ 1845ஆம் ஆண்டு வால்டன் குளக்கரையில் தாமே கட்டிய சிறு வீட்டில் குடியேறினார். காந்தியடிகள் 1910ஆம் ஆண்டு ஜோகன்னஸ்பர்க் அருகே அமைத்த டால்ஸ்டாய் பண்ணையில் தமிழ்க் குடும்பங்களும் வாழ்ந்தன. இவர்கள் எளிய வாழ்வை நாடிச் சென்றவர்கள். அத்தகைய வாழ்விலேயே பிறந்து வளர்ந்தவர்களின் வரலாறு யாது?

கல்லாற்றுக் காடுகளில் தொன்றுதொட்டு வாழ்பவர்கள் காணிகள் என்னும் பழங்குடியினர். அகத்திய மலையின் இருபுறமும் இவர்கள் பரவியுள்ளனர். 1956ஆம் ஆண்டு மாநில எல்லைகள் திருத்தப்பட்டபோது, கன்னியாகுமரிப் பகுதிக் காணிகள் சென்னை மாநிலத்திலும், கல்லாற்றுப் பகுதிக் காணிகள் கேரளத்திலும் சேர்ந்தனர். காட்டை வெட்டி எரித்துப் பயிரிடுதலும், தேனும் கிழங்கும் தேடுதலும் இவர்களது பழைய தொழில்கள். யானைக்கு அஞ்சி மரத்தின்மேல் குடில் கட்டி இரவைக் கழித்ததும் உண்டு.

1987ஆம் ஆண்டு அறிஞர் சிலர் அகத்திய மலைக்காடுகளில் ஆராய்ச்சிக்காக நடந்தனர். அறிஞர்கள் களைத்துச் சோர்ந்தனர். வழிகாட்டிச் சென்ற காணிகளோ சோர்வின்றி நடந்தனர். ஒரு சிறு செடியின் கனியை அவர்கள் அவ்வப்போது உண்டதே அதற்குக் காரணம் எனப் பின்னர் தெரிந்தது. ஆரோக்கியப்பச்சை என்பது அச்செடியின் பெயர். பாலோட்டிலுள்ள தாவரவியல் ஆராய்ச்சி நிலையத்தார் அதனை ஆராய்ந்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கினர். உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாயிற்று. அதனைப் பெறுவதற்கு 1997ஆம் ஆண்டு ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டது. பழங்குடியினரின் அறிவுக்கு உரிய பங்களித்த முன்னோடி நிகழ்ச்சியாக உலக அறிஞர் இதனைப் பேசுகின்றனர்.

நேயர்கள் இங்கே ஒன்றைக் கருத வேண்டும். களைப்பு நீங்க வேண்டுமென்று நாம் நாடுவது காட்டு வாழ்வை. அக்காட்டில் வாழ்பவர்க்கோ களைப்பை நீக்க ஒரு கனி வேண்டியிருந்தது. கல்லாற்றைச் சேர்ந்த மூலிகை வைத்தியர் லட்சுமிக்குட்டி அம்மையார் 2018ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றவர். பல கல் தொலைவு காட்டுவழியே நடந்து பள்ளிக்குச் சென்று பயின்றவர். தாயிடம் மருந்தறிவைக் கற்றவர். தம் மகனைக் காட்டுயானைக்குப் பறிகொடுத்தவர். அதன் பின்னரும் அவர் காட்டைத் துறக்கவில்லை. நாடி வந்தோர்க்கு மருந்தளித்தலையும் நிறுத்தவில்லை.

எளிய வாழ்வு என்பது துன்பமற்ற வாழ்வன்று. தேவை குறைவு, தொழிலறிவு மிகுதி, கிடைத்ததைப் பகிர்ந்துண்ணும் சுற்றம் ஆகிய இவையே காணிகளைத் தாங்கி நின்றன. கல்லாற்றுக்குச் செல்ல இயலாத நாமும், வாழும் இடத்திலேயே இவற்றுள் சிலவற்றைத் தேடிக்கொள்ளலாம் அன்றோ?