ஒரு கருவியின் பெயர் எப்படி வசவானது?

உத்திரமேரூர் பக்கம் ஒரு கல்யாண ஊர்வலம். பேண்டு செட்டில் ஒருவர் குழாயை முன்னும் பின்னும் இழுத்து ஊதுவதைப் பார்த்து, "அதுக்கு என்ன பேருண்ணா?" என்று கேட்டாள் ஒரு மாணவி.

டிராம்போன். இத்தாலிய மொழியில் 'டிராம்பா' என்றால் எக்காளம். டிராம்போன் என்றால் பெரிய எக்காளம். அந்தப் பெயர் கருவியோடு நின்றுவிட்டது. அதை ஊதியவரின் பிறப்புக்கு யாரும் அதைப் பட்டமாகச் சூட்டவில்லை.

பறையின் கதை வேறு. பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றும் அது அன்றாடச் சொல். தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்குமான கருப்பொருள்களில் பறையையும் சேர்க்கிறது. அப்படிப்பட்ட கருவியின் பெயரே மக்களின் பெயராயிற்று என்பது பரவலான விளக்கம். சாதி இறுகியபோது அந்தப் பெயர் வசவானது. ஐரோப்பியர் வழியே 'பரையா' என்று ஆங்கிலத்துக்கும் போய், ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளில் உலகமெங்கும் புழங்குகிறது. சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் யூதர்களைக் குறிக்கவே 'பரையா மக்கள்' என்று எழுதினார்.

நம் முன்னோடிகள் இதைச் சும்மா விடவில்லை. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1893இல் 'பறையன்' என்றே இதழ் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதரோ, அது பகைவர் சுமத்திய பெயர் என்று மறுத்தார். எம்.சி.ராஜாவின் முயற்சியால் 1922இல் சென்னை அரசு, 'ஆதி திராவிடர்' என்று எழுத ஆணையிட்டது. ஒருவர் பெயரை ஏந்தினார், ஒருவர் மறுத்தார், ஒருவர் மாற்றினார். மூவரும் சொன்னது ஒன்றுதான்: எங்களுக்கு என்ன பெயர் என்பதை நாங்களே முடிவு செய்வோம்.

சாவுக்குக் கட்டாயம் அடிக்க வேண்டும் என்ற வழக்கத்தை எதிர்த்துப் பல ஊர்களில் நம் மக்கள் பறையைக் கீழே வைத்தார்கள். அதுவும் போராட்டம்தான். பிறகு திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் அதே பறையை மேடையில் ஏந்தினார்கள். அதுவும் போராட்டம்தான்.

"பறை கத்துக்கிட்டா மறுபடியும் சாவுக்குத்தானே கூப்பிடுவாங்க?" என்று ஓர் அம்மா என்னிடம் கேட்டார். நியாயமான பயம். தோழர்களே, அதற்கு என் பதில் ஒரு கேள்விதான்: கூப்பிடும்போது 'வரமாட்டேன்' என்று சொல்ல முடிகிறதா? முடிந்தால் அது கலை. முடியாவிட்டால் அது அடிமைத்தொழில். அந்த 'மாட்டேன்' என்ற சொல்லையும் சேர்த்தே நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போம்.

ஜெய் பீம்!