வீட்டுக்கு ஸ்மார்ட் மீட்டர்: பில் எகிறுமா, குறையுமா? பொதுமக்கள் தெரிஞ்சுக்க வேண்டிய முழு விவரம்

'ஸ்மார்ட் மீட்டர் மாட்டினா கரண்ட் பில் டபுள் ஆயிடுமாம்', 'காசு போட்டாத்தான் லைட் எரியுமாம்', '100 யூனிட் இலவசம் கட்டாம்'. டீக்கடையிலும் ரேஷன் கடை வரிசையிலும் இந்தப் பேச்சுதான். இதில் எது நிஜம், எது புரளி? மீட்டர் வீட்டுக்கு வரும்போது என்ன பார்க்கணும், தகராறு வந்தால் எங்கே போகணும்? இதுபற்றிய விவரம் வருமாறு:-

ஸ்மார்ட் மீட்டர் என்றால் என்ன?

முதலில் சக்கரம் சுத்தும் மீட்டர் இருந்தது. பிறகு நம்பர் ஓடும் எலக்ட்ரானிக் மீட்டர் வந்தது. ஸ்மார்ட் மீட்டர் என்பது அந்த எலக்ட்ரானிக் மீட்டருக்குள் சிம்கார்டு போல ஒரு தகவல் கருவியும், கரண்டை தூரத்தில் இருந்தே துண்டிக்க, இணைக்க ஒரு சுவிட்சும் சேர்ந்தது. செல்போன் டவர் வழியாகவோ, பக்கத்து மீட்டர்களோடு ரேடியோ அலையில் கைகோர்த்தோ கணக்கை மின்வாரிய கம்ப்யூட்டருக்கு அனுப்பும். வீட்டு மீட்டருக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ்.16444. மீட்டர் முகப்பில் இந்த எண் அச்சிட்டிருக்கும்.

யூனிட் மட்டும் இல்லை. வோல்டேஜ், எத்தனை ஆம்பியர் இழுக்குது, அதிகபட்சமா எத்தனை கிலோவாட் ஏறியது, எப்போது கரண்ட் போனது, எப்போது வந்தது, மூடியை யாராவது திறந்தார்களா என்று எல்லாமே நேரத்தோடு பதிவாகும்.

எதற்காக மாற்றுகிறார்கள்?

மத்திய அரசு 2021-ல் ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. ஆர்.டி.எஸ்.எஸ். என்று பெயர். மொத்த மதிப்பு ரூ.3 லட்சத்து 3 ஆயிரத்து 758 கோடி. நாடு முழுக்க 25 கோடி ஸ்மார்ட் பிரீபெய்டு மீட்டர் மாட்டுவது அதில் ஒரு பகுதி. அதற்கு முன்பே, 2020 டிசம்பரில் வந்த மின் நுகர்வோர் உரிமை விதிகளில், மீட்டர் இல்லாமல் இணைப்பு கிடையாது, அது பிரீபெய்டு அல்லது ஸ்மார்ட் பிரீபெய்டு மீட்டராக இருக்கணும் என்று எழுதிவிட்டார்கள். இதில் விதிவிலக்கு வேண்டும் என்றால் மாநில ஒழுங்குமுறை ஆணையம் காரணத்தைப் பதிவு செய்து அனுமதிக்கணும்.

தமிழ்நாட்டில் சென்னை தி.நகர் பகுதியில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட மீட்டர்கள் முதலில் மாட்டப்பட்டன. மாநிலம் முழுக்க சுமார் 3 கோடி மீட்டருக்கு 2023-ல் டெண்டர் விட்டார்கள். விலை அதிகம் என்று 2024 டிசம்பரில் அதை ரத்து செய்துவிட்டார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

அஞ்சு நாள் லேட்டானால் எவ்வளவு நஷ்டம்?

நம்ம ஊரில் 2 மாசத்துக்கு ஒரு தடவை ரீடிங். ரீடிங் எடுக்க வர்றவர் லேட்டா வந்தால் நமக்குத்தான் அடி. 2022 செப்டம்பர் கட்டணத்தை வைத்து ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். (அதன்பிறகு ரேட் மாறிவிட்டது. கணக்கு போடும் முறை புரிவதற்காகத்தான் இது).

ஒரு வீட்டில் தினமும் 8 யூனிட் செலவு. 60-வது நாள் ரீடிங் எடுத்தால் 480 யூனிட். பில் ரூ.1,605. அதே ஆள் 65-வது நாள் வந்தால் 520 யூனிட். 500-ஐ தாண்டியதால் ஸ்லாப்பே மாறிடும். பில் ரூ.2,110. அஞ்சு நாள் தாமதத்துக்கு ரூ.505 கூடுதல்.

'அடுத்த தடவை குறையும்ல' என்று கேட்கலாம். குறையும். அடுத்த பில் 55 நாளுக்கு 440 யூனிட், ரூ.1,365. இரண்டையும் கூட்டினால் ரூ.3,475. ஒழுங்கா 60 நாளுக்கு ஒரு தடவை எடுத்திருந்தால் ரூ.3,210-தான். ஆக, ரூ.265 சும்மா போச்சு.

2020 கொரோனா ஊரடங்கில் ரீடிங் எடுக்க ஆள் வர முடியாமல், முந்தைய பில் தொகையையே கட்டச் சொன்னதும், பிறகு 4 மாச ரீடிங்கை மொத்தமா எடுத்து கணக்கு போட்டபோது ஊரெல்லாம் சண்டை நடந்ததும் யாருக்கும் மறந்திருக்காது. ஸ்மார்ட் மீட்டரில் குறித்த தேதியில் ரீடிங் தானாகப் போய்விடும். கதவு பூட்டியிருந்தது, நாய் குரைத்தது என்ற பேச்சுக்கே இடமில்லை. மாசாமாசம் பில் போடவும் இது கைகொடுக்கும்.

மீட்டர் மாற்றினால் பில் ஏறுமா?

புது மீட்டர் ஓடினதை விட அதிகமா காட்டாது. ஆனால் பில் ஏற மூணு காரணம் உண்டு.

1. பழைய சக்கர மீட்டர் தேய்ந்து மெதுவாக ஓடியிருக்கலாம். சின்ன லோடுக்கு சக்கரம் அசையாமலே இருந்திருக்கும். புதுசு, டி.வி. ஸ்டாண்ட்பை, செட்டாப் பாக்ஸ், மோடம் எல்லாத்தையும் எண்ணிவிடும்.

2. வயரிங் கோளாறு. பலருக்குத் தெரியாத விஷயம் இது. எலக்ட்ரானிக் மீட்டர் பேஸ், நியூட்ரல் இரண்டிலும் ஓடும் கரண்டை அளக்கும். இரண்டும் சமமாக இல்லை என்றால் எது அதிகமோ அதை வைத்து கணக்கு எழுதும். மாடி வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் தனித்தனி மீட்டர் இருந்து, நியூட்ரல் வயரை மட்டும் ஒண்ணா முறுக்கி விட்டிருந்தால், அடுத்த வீட்டு கரண்டும் உங்க கணக்கில் ஏறலாம். மீட்டர் மாற்றுவதற்கு முன்பே எலக்ட்ரீசியனை வைத்து நியூட்ரலைப் பிரித்து விடுவது நல்லது.

3. எர்த் லீக்கேஜ். பழைய மோட்டார், வாட்டர் ஹீட்டர் ஆகியவற்றில் கசிவு இருந்தால் அதுவும் யூனிட்டாக ஏறும். உயிருக்கும் ஆபத்து.

நீங்களே டெஸ்ட் பண்ணலாம்

மீட்டரில் சிவப்பு லைட் ஒண்ணு மினுக்கும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை தடவை மினுக்கும் என்று ஒரு எண் அச்சிட்டிருக்கும். அது 3200 என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் வீட்டு மெயின் சுவிட்சை ஆப் பண்ணுங்க. இன்வெர்ட்டரையும் நிறுத்துங்க. லைட் மினுக்கக் கூடாது. மினுக்கினால் மீட்டர் பக்கம் கோளாறு, புகார் கொடுக்கணும். மினுக்கலை என்றால் மெயினை போட்டு, எல்லா சாமானையும் ஆப் பண்ணிப் பாருங்க. இப்போ மினுக்கினால் வீட்டு வயரிங்கில் எங்கேயோ கசியுது என்று அர்த்தம்.

அடுத்து 1000 வாட் அயர்ன் பாக்சை மட்டும் போடுங்க. அது சூடேறிக்கொண்டு இருக்கும்போது ஒரு நிமிஷம் எண்ணுங்க. 3200-ஐ 60-ஆல் வகுத்தால் 53. வோல்டேஜைப் பொறுத்து கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம். 80, 90 என்று போனால் சந்தேகப்படலாம்.

சந்தேகம் இருந்தால் 'செக் மீட்டர்' கேளுங்க

2024-ல் கொண்டுவந்த விதித் திருத்தம் பொதுமக்களுக்கு பெரிய ஆயுதம். மீட்டர் ரீடிங் சரியில்லை என்று புகார் கொடுத்தால், 5 நாளுக்குள் கூடுதலாக ஒரு மீட்டர் மாட்டணும். குறைந்தது 3 மாசம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கணும். குஜராத் மாநிலம் வதோதராவில் 2024 மே மாதம் ஸ்மார்ட் மீட்டரை எதிர்த்து மக்கள் தெருவுக்கு வந்தபோது, சந்தேகம் தீர இதே வழியில்தான் செக் மீட்டர் மாட்டினார்கள்.

புகாரை எழுத்தில் கொடுங்க. பிரிவு அலுவலகத்தில் ஏ.இ.யிடம் மனு கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கணும். போனில் என்றால் மின்னகம் 94987 94987. அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளர். இரண்டுமே 2003 மின்சார சட்டத்தில் 42-வது பிரிவில் சொன்ன அமைப்புகள்.

ஏ.சி. போட்டால் அபராதமா?

ஒரு கிலோவாட்டுக்கு அனுமதி வாங்கிவிட்டு ஏ.சி., ஹீட்டர், இண்டக்ஷன் அடுப்பு எல்லாம் ஓட்டும் வீடுகள் ஏராளம். ஸ்மார்ட் மீட்டர் இதை அப்படியே காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் பயப்பட வேண்டாம். 2023 ஜூன் திருத்தப்படி, மீட்டர் மாட்டியதற்கு முந்தைய காலத்துக்கு இந்தப் பதிவை வைத்து அபராதம் போடக் கூடாது. ஒரு நிதியாண்டில் குறைந்தது 3 தடவை அளவை மீறினால்தான் அனுமதித்த லோடை உயர்த்தலாம்.

அதே திருத்தத்தில், நேரத்துக்கு ஒரு ரேட் என்ற முறையும் இருக்கிறது. பகலில் சூரிய மின்சாரம் கிடைக்கும் நேரத்தில் 20 சதவீதமாவது குறைவு, உச்ச நேரத்தில் வீடுகளுக்கு 10 சதவீதமாவது கூடுதல். மாநில ஆணையம் உத்தரவு போட்டால்தான் இது நம்ம பில்லுக்கு வரும். அப்படி வந்தால் மோட்டாரையும் வாஷிங் மெஷினையும் பகலில் ஓட்டுகிறவருக்கு லாபம். ராத்திரி ஏ.சி.க்காரருக்கு சங்கடம்.

100 யூனிட் இலவசம் போய்விடுமா?

இலவசம் கொடுப்பதும் நிறுத்துவதும் அரசின் முடிவு. மீட்டருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 2016-ல் 100 யூனிட் இலவசம் அறிவித்தபோது சக்கர மீட்டர் வீட்டுக்கும் கிடைத்தது, எலக்ட்ரானிக் மீட்டர் வீட்டுக்கும் கிடைத்தது. மின்சார சட்டம் 65-வது பிரிவுப்படி மானியத் தொகையை மாநில அரசு முன்கூட்டியே கொடுக்கணும்.

பிரீபெய்டு முறை வந்தால் செல்போன் மாதிரி ரீசார்ஜ்தான். பிரீபெய்டில் சேருகிறவரிடம் டெபாசிட் கேட்கக் கூடாது என்று 47-வது பிரிவு சொல்கிறது. அதேநேரம் பாக்கிக்காக கரண்டை வெட்ட 15 நாள் எழுத்துமூல நோட்டீஸ் தரணும் என்று 56-வது பிரிவும் இருக்கிறது. பேலன்ஸ் தீர்ந்ததும் தானாக கட் ஆவது சரியா என்ற எதிர்ப்பு இங்கேதான் கிளம்புகிறது. தினக்கூலி குடும்பங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

மாட்ட வரும்போது கவனிக்க வேண்டியவை

* வருகிறவரின் அடையாள அட்டையைப் பாருங்க. சந்தேகம் என்றால் பிரிவு அலுவலகத்துக்கு போன் போட்டு கேளுங்க.

* பழைய மீட்டரின் கடைசி ரீடிங்கையும், புது மீட்டரின் நம்பரையும் ஆரம்ப ரீடிங்கையும் செல்போனில் போட்டோ எடுத்து வையுங்க. பின்னாடி தகராறு வந்தால் இதுதான் சாட்சி.

* சீல் வைத்ததைப் பார்த்துவிட்டே கையெழுத்து போடுங்க.

* மின் இணைப்பு எண்ணோடு உங்க செல்போன் எண்ணை பதிவு பண்ணுங்க. செத்துப்போன தாத்தா பெயரில் இணைப்பு இருந்தால் பெயர் மாற்றிவிடுங்க.

* 'இன்னைக்கு ராத்திரி கரண்ட் கட், இந்த லிங்க்கை அமுக்குங்க' என்று மெசேஜ் வந்தால் மோசடிதான். ஓ.டி.பி. யாருக்கும் சொல்லாதீங்க.

* மீட்டரை நீங்களே திறக்காதீங்க. கை வைத்தால் 135-வது பிரிவில் 3 வருஷம் வரை ஜெயில்.

இப்போதே வேணும் என்கிறவர்களுக்கு

மின்வாரியம் மாட்டும் வரை காத்திருக்க வேண்டாம் என்றால், டி.பி. பாக்சில் சொந்தமா ஒரு வை-பை எனர்ஜி மீட்டர் மாட்டலாம். எந்த நேரத்தில் எவ்வளவு ஓடுது என்று போனிலேயே தெரியும். எலக்ட்ரீசியன்தான் மாட்டணும். ஏ.சி., ஹீட்டரை மட்டும் பார்க்க 16 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக் போதும். ஆனால் இது உங்க கணக்குக்கு மட்டும்தான். பில் போடுவது வாரிய மீட்டரை வைத்துத்தான்.

வாடகை வீட்டில் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கும் வீட்டுக்காரர்களிடம், மெயின் மீட்டர் பில்லைக் காட்டச் சொல்லிக் கேளுங்க. நாலு குடித்தனம் ஒரே மீட்டரில் இருந்தால் ஸ்லாப் ஏறி, எல்லார் தலையிலும் கூடுதல் ரேட் விழும். தனி இணைப்பு வாங்கினால் அந்தப் பிரச்சினை தீர்ந்தது.