டிக்‌ஷனரி பார்த்தா பிட் அடிச்ச மாதிரியா? குறுக்கெழுத்தின் நூறு வருஷக் கேள்வி

பேப்பர்ல வர்ற குறுக்கெழுத்தைப் போடுறவங்களுக்கு ஒரு சங்கடம் நல்லாத் தெரியும். முக்கால்வாசி கட்டம் நிரம்பிடும். கடைசி நாலு வார்த்தை மட்டும் வராது. கை தானா போனை எடுக்கும். உடனே மனசுக்குள்ள ஒரு குரல்: "இது பிட் அடிக்கிறதுதானே?" இந்தக் கேள்வி கூகுளோட பிறந்ததுன்னு நினைச்சுடாதீங்க. குறுக்கெழுத்துக்கு என்ன வயசோ, கிட்டத்தட்ட அதே வயசு இதுக்கும். இன்னைக்கு அந்தக் கதைதான்.

1913, டிசம்பர் 21. 'நியூயார்க் வேர்ல்டு' பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் வைர வடிவத்தில் ஒரு புதிர் வந்தது. உருவாக்கியவர் ஆர்தர் வின், இங்கிலாந்தின் லிவர்பூலில் பிறந்து அமெரிக்கா போன பத்திரிகையாளர். புதிருக்கு அவர் வைத்த பெயர் 'வேர்ட்-கிராஸ்'. அதுல ஒரு விஷயம் கவனிங்க. மேலே இருந்த 'ஃபன்' என்ற வார்த்தையை அவரே நிரப்பிக் கொடுத்திருந்தார். ஆக, உலகத்தோட முதல் குறுக்கெழுத்தே மூணு எழுத்து உதவியோடதான் வந்தது!

அடுத்த பத்து வருஷம் பெரிய பரபரப்பு இல்லை. 1924ல சைமன், ஷூஸ்டர்னு ரெண்டு பேர் புதுசா பதிப்பகம் ஆரம்பிச்சாங்க. அவங்க முதல் புத்தகமே ஒரு குறுக்கெழுத்துத் தொகுப்பு. கூடவே ஒரு பென்சிலும் இணைப்பு. பேர் கெட்டுடுமோன்னு பயந்து, பதிப்பகத்துக்கு வேற பேர் போட்டு வெளியிட்டாங்க. புத்தகம் பறந்துடுச்சு. நாடு முழுக்க குறுக்கெழுத்துப் பைத்தியம். பால்டிமோர் அண்ட் ஓஹியோ ரயில்வே, பயணிகளுக்காக ரயிலிலேயே டிக்‌ஷனரி வைக்க ஆரம்பித்தது.

சிக்கல் வந்தது நூலகத்தில். புதிர் போடுறவங்க கூட்டம் கூட்டமா வந்து அகராதியையும் கலைக்களஞ்சியத்தையும் பிடிச்சுக்கிட்டாங்க. படிக்க வந்த மாணவர்களுக்கும், வேலைக்காகத் தகவல் தேடி வந்தவங்களுக்கும் புத்தகம் கிடைக்கல. உண்மையான வாசகர்களைக் காப்பாத்துறது எங்க கடமை இல்லையான்னு நியூயார்க் பொது நூலகம் வெளிப்படையாவே புலம்பியது. இன்னைக்கு நாம ஒரு வார்த்தையைத் தேடினா யாருக்கும் நஷ்டமில்லை. அன்னைக்கு நீங்க எடுத்த அகராதி, இன்னொருத்தருக்குக் கிடைக்காத அகராதி. அதனால அப்போ அது பிட்டா இல்லையாங்கிறதைவிட, யாரோட பங்கை யார் எடுத்துக்கிறாங்கங்கிறதுதான் பெரிய கேள்வி.

'நியூயார்க் டைம்ஸ்' இந்த மோகத்தை 1924லயே கண்டித்து எழுதியது. ஆனா 1942, பிப்ரவரி 15ல அதே பத்திரிகை தன்னோட முதல் குறுக்கெழுத்தைப் போட்டது. 1950ல அது தினசரிப் பகுதியாவும் ஆச்சு. 1990களில் இன்னும் ஒரு படி மேல. மாட்டிக்கிட்டீங்களா? இந்த நம்பருக்கு போன் பண்ணுங்க, மூணு குறிப்புகளுக்கு விடை சொல்றோம், நிமிஷத்துக்கு இவ்வளவு காசு! கண்டிச்ச பத்திரிகையே கடைசியில உதவியை விலைக்கு வித்தது.

பிரிட்டனில் கதை வேற பக்கம் திரும்பியது. அங்கே குறிப்புகளே பூடகமா மாறின. அகராதியைப் புரட்டினாலும் பிடிபடாது. அப்போ ஒரு நியாயமும் தேவைப்பட்டது: ஏமாத்தலாம், ஆனா விடைக்கான வழி குறிப்புக்குள்ளேயே இருக்கணும். ஜிமனிஸ் என்ற புனைபெயரில் புதிர் அமைத்த டெரிக் மக்நட், 1966ல ஒரு புத்தகமே எழுதி இந்த விதிகளை வகுத்தார்.

இது எப்படி வேலை செய்யுதுன்னு தமிழ்லயே ஒரு குறிப்பு பார்ப்போம்: "முடிவில்லாத கதவு மரத்துக்குள் போனால் பச்சைக் கல் (5)". கதவுக்கு முடிவு இல்லைன்னா கடைசி எழுத்து போயிடும், மிச்சம் 'கத'. அதை 'மரம்' என்ற சொல்லுக்குள்ள நுழைங்க. மர-கத-ம். மரகதம்! பச்சைக் கல்லும் சரியா வந்துடுச்சு. வேணுங்கிற உதவி எல்லாம் அந்த ஒரு வரிக்குள்ளேயே இருந்தது.

அப்படியும் மாட்டுறவங்க இருந்தாங்க. அவங்களுக்குக் கைகொடுத்தவர் ஆன் பிராட்ஃபோர்டு என்ற ஆங்கிலப் பெண்மணி. தானே புதிர் போடும்போது கிடைத்த விடைகளை 1957 முதல் சேர்த்து வைத்தார். அது 1986ல குறுக்கெழுத்துக்கான அகராதியா வெளிவந்து, பதிப்பு மேல பதிப்பு கண்டது. ஒருத்தர் முட்டி மோதிக் கண்டுபிடிச்சது, முகம் தெரியாத ஆயிரக்கணக்கான பேருக்கு உதவி.

இந்தப் பூடகப் புதிர் நம்ம ஊருக்கும் வந்தது. சென்னையின் 'தி இந்து' நாளிதழில் 1971ல குறுக்கெழுத்து தொடங்கியது. அதை அமைத்தவர் யார் தெரியுமா? செங்கல்பட்டில் பிறந்த அட்மிரல் ராம் தாஸ் கட்டாரி, இந்தியக் கடற்படைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர்! ஓய்வுக்குப் பிறகு புதிர்க் கட்டங்களோட உட்கார்ந்துட்டார்.

இப்போ உதவி இயந்திரமாவும் வந்தாச்சு. அமெரிக்கக் குறுக்கெழுத்துப் போட்டியில் 2012ல 141வது இடம் பிடித்த 'டாக்டர் ஃபில்' என்ற கணினி நிரல், 2021ல மனுஷங்க எல்லாரையும் தாண்டி அதிக மதிப்பெண் எடுத்தது. பரிசு மட்டும் மனுஷருக்குத்தான்.

அப்போ பிட்டா, இல்லையா? போட்டியில உட்கார்ந்தா, சந்தேகமே இல்லை, பிட்டுதான். காலையில காபியோட போடுறப்போ? கட்டத்தையே பாருங்க. இடமிருந்து வலம் கண்டுபிடிச்ச ஒரு வார்த்தை, மேலிருந்து கீழ் வர்ற வார்த்தைக்கு ஒரு எழுத்தைக் கடன் கொடுக்குது. உதவி வாங்கிக்கிறதுதான் இந்த விளையாட்டோட அமைப்பே. அதனால மொத்த விடையையும் எட்டிப் பார்க்காதீங்க. ஒரே ஒரு வார்த்தை கேளுங்க. வீட்டுல இருக்கிறவங்ககிட்டயே கேட்டா இன்னும் நல்லது. மிச்சத்தை அது திறந்து விட்டுடும்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்!