விமானத்தில் சண்டை வந்தால் விலக்குவது யார்? – ஒரு சின்ன வரலாறு



"டீச்சர், ராஜா ராணி கதை மட்டும் வேண்டாம், இப்போ நடக்கிற விஷயத்துக்கும் வரலாறு சொல்லுங்க" என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். இன்று அப்படி ஒன்று: விமானப் பயணிகளின் சண்டையும், அதை விலக்கும் பணியாளர்களும். கொஞ்சம் நீளம்தான். காபியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

1948 ஆகஸ்ட் 2. போர்ட்டோ ரிக்கோ தீவின் சான் ஹுவான் நகரிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு விமானம் கிளம்பியது. பயணிகளில் இரண்டு நண்பர்கள் ஏறும்போதே ரம் குடித்திருந்தார்கள். நடுக்கடலுக்கு மேலே பறக்கும்போது ஒரு பாட்டில் காணாமல் போய்விட்டது என்று இருவருக்கும் வாய்த்தகராறு. அது பின்பகுதியில் கைகலப்பாகிவிட்டது. மற்ற பயணிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? வேடிக்கை பார்க்கப் பின்னால் ஓடினார்கள். இத்தனை பேர் ஒரே பக்கம் சேர்ந்ததால் விமானத்தின் வால் கனத்து, விமானம் நிலை மாறியது. அதை உணர்ந்த விமானி, விமானத்தைத் துணை விமானியிடம் ஒப்படைத்துவிட்டு எழுந்து வந்தார். விலக்க வந்தவரின் தோளைக் கடித்துவிட்டான் ஒருவன். பணிப்பெண்ணையும் அடித்தான். கடைசியில் எல்லோரும் சேர்ந்து அவனைப் பிடித்து அடைத்து வைத்து, நியூயார்க் போய்ச் சேர்ந்தார்கள்.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். 1950-ல் நியூயார்க் நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது. அவன் அடித்தது உண்மை, கடித்தது உண்மை என்று நீதிபதி ஒப்புக்கொண்டார். ஆனால் தண்டிக்க முடியவில்லை! கடலில் போகும் கப்பலில் நடக்கும் குற்றத்துக்குச் சட்டம் இருந்தது. விமானம் கப்பல் அல்லவே? கடலுக்கு மேலே இருக்கும் வானம் கடலும் அல்லவே? அவன் வீட்டுக்குப் போய்விட்டான். இந்த ஓட்டையை அடைக்க 1952-ல் அமெரிக்கா தன் சட்டத்தைத் திருத்தியது.

ஒரு நாடு திருத்தினால் போதுமா? ஒரு நாட்டில் பதிவான விமானம், இன்னொரு நாட்டவரை ஏற்றிக்கொண்டு, மூன்றாவது நாட்டுக்கு மேலே பறக்கிறது. சண்டை வந்தால் எந்த ஊர் போலீஸ்? இதற்காகத்தான் 1963 செப்டம்பரில் டோக்கியோவில் பல நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. அது 1969-ல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா அதற்காக 1975-ல் தனிச் சட்டமே இயற்றியது.

டோக்கியோ உடன்படிக்கையின் சாரம் இதுதான். எல்லோரும் ஏறி முடிந்து கதவுகள் அத்தனையும் மூடிய நொடியிலிருந்து, இறங்குவதற்காக ஒரு கதவு திறக்கும் நொடி வரை அதிகாரம் விமானத் தலைவருக்கு. பாதுகாப்புக்காக ஒருவரைக் கட்டி வைக்கலாம், வழியில் இறக்கி விடலாம், போலீசிடம் ஒப்படைக்கலாம். பணியாளர்கள் உதவ வேண்டும் என்று அவர் உத்தரவிடலாம். பயணிகளிடம் உதவி கேட்கலாம், ஆனால் கட்டாயப்படுத்த முடியாது.

கவனித்தீர்களா? அதிகாரம் முன்னறையில் இருக்கும் விமானிக்கு. சண்டையோ 30-வது வரிசையில். இடையில் நிற்பது யார்?

அதைப் புரிந்துகொள்ள 1930-க்குப் போக வேண்டும். எலன் சர்ச் என்று ஒரு செவிலியர். அவருக்கு விமானம் ஓட்ட ஆசை. போயிங் நிறுவனத்தின் பயணச் சேவைப் பிரிவில் போய்க் கேட்டார். பெண்ணுக்கு விமானி வேலையா என்ற காலம் அது. அவர் விடவில்லை. "பறக்கப் பயப்படும் பயணிகளுக்குத் துணையாகச் செவிலியர்களை வைத்துக்கொள்ளுங்கள்" என்று யோசனை சொன்னார். எட்டு செவிலியர்களைப் பரீட்சார்த்தமாக எடுத்தார்கள். 1930 மே 15 அன்று அவர் பணியேற்ற விமானம் ஓக்லண்டிலிருந்து சிகாகோவுக்கு வழியெல்லாம் இறங்கி ஏறிப் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு நாள் ஆனது. அவருக்கு முன்பே 1912-ல் ஜெர்மனியின் வான்கப்பலில் ஹைன்ரிக் குபிஸ் என்ற ஆண் பணியாளர் இருந்தார். பெண்களில் எலன்தான் முதல்வர்.

ஆக, இந்த வேலை தொடங்கியது தட்டு ஏந்துவதற்காக அல்ல, பயந்தவரைத் தேற்றுவதற்காக. ஆனால் நாளடைவில் நிறுவனங்கள் அழகையும் புன்னகையையும் விளம்பரப்படுத்தின. கல்யாணம் ஆனால் வேலை போச்சு, வயது கூடினால் வேலை போச்சு என்று விதி போட்டன. நம் நாட்டிலும் ஏர் இந்தியாவில் முதல் கர்ப்பம் தரித்தாலே பணி நீக்கம் என்று ஒரு விதி இருந்தது. நர்கேஷ் மீர்சா என்ற பணிப்பெண்ணின் வழக்கில் 1981-ல் உச்ச நீதிமன்றம்தான் அதை ரத்து செய்தது.

இனி, சண்டைக்கான காரணங்கள் காலத்தோடு எப்படி மாறின என்று பாருங்கள்.

முதலில் மது. அது இன்றுவரை மாறவில்லை.

அடுத்தது சிகரெட். 1973-ல் அமெரிக்காவில் புகைபிடிக்காதவர்களுக்குத் தனி வரிசை ஒதுக்க வேண்டும் என்று விதி வந்தது. புகைக்குத் தெரியுமா வரிசை எண்? 1979-ல் வாஷிங்டனிலிருந்து நியூயார்க் போன ஒரு விமானத்தில் இந்தத் தகராறு முற்றி, விமானி பாதி வழியில் பால்டிமோரில் இறக்கிவிட்டார். அங்கே 1988-ல் குறுகிய உள்நாட்டுப் பயணங்களிலும், 1990-ல் ஏறக்குறைய எல்லா உள்நாட்டுப் பயணங்களிலும் புகைக்குத் தடை வந்தது. இதற்கு நெடுங்காலம் குரல் கொடுத்தவர்கள் விமானப் பணியாளர்களே. பயணி இரண்டு மணி நேரம் சுவாசித்த புகையை அவர்கள் வாழ்நாள் முழுக்கச் சுவாசித்தார்கள். சிகரெட் நிறுவனங்கள் மீது அவர்கள் போட்ட வழக்கு 1997-ல் சமரசமாகி, 30 கோடி டாலரில் ஓர் ஆராய்ச்சி அமைப்பு உருவானது.

புகை போனது, இடம் வந்தது. 2014 ஆகஸ்டில் நெவார்க்கிலிருந்து டென்வர் போன விமானத்தில் ஒருவர், முன் இருக்கை சாயாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் கருவியை மாட்டிவிட்டார். முன்னால் இருந்த பெண் தண்ணீரை எடுத்து ஊற்றிவிட்டார். விமானம் சிகாகோவில் இறங்கியது. ஒரு சாண் இடத்துக்காக அத்தனை பேரின் பயணம் கெட்டது.

பிறகு முகக்கவசம். 2021-ல் மட்டும் அமெரிக்க விமானத் துறைக்கு ஏறக்குறைய 6,000 புகார்கள் வந்தன. அதில் 4,000-க்கும் மேல் முகக்கவசத் தகராறு.

இதற்கிடையில் நடந்த ஒரு மாற்றத்தைப் பலரும் கவனிப்பதில்லை. 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு விமானி அறையின் கதவு குண்டு துளைக்காத கதவாகிப் பூட்டப்பட்டது. அது நியாயம்தான். ஆனால் 1948-ல் போல விமானி எழுந்து வர இனி வழியில்லை. சட்டப்படி அதிகாரம் உள்ளவர் பூட்டிய கதவுக்குப் பின்னால். வெளியே இருப்பது பணியாளர்களும் ஒரு தொலைபேசியும். அன்றிலிருந்து சண்டை விலக்கும் பாரம் முழுவதும் அவர்கள் தோளில்.

அதை எப்படிச் செய்கிறார்கள்? என் மாணவி ஒருத்தி பல ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறாள். ஊருக்கு வந்தபோது உட்கார வைத்துக் கேட்டேன்.

"டீச்சர், நாங்க முதல்ல ரெண்டு பேரையும் பிரிப்போம். ஒருத்தர் கிட்ட ஒரே ஒரு ஆள்தான் பேசுவோம். இன்னொருத்தர் பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டே இருப்பாங்க. மேலே நின்னு பேசினா அதட்டுற மாதிரி இருக்கும், அதனால குனிஞ்சு கண்ணுக்கு நேரா பேசுவோம். 'ஏன் இப்படி பண்றீங்க'ன்னு கேட்க மாட்டோம், 'என்ன வேணும் சார்'னு கேட்போம். வேற சீட் இருந்தா மாத்திடுவோம். குடிச்சிருந்தா மேற்கொண்டு ஊத்த மாட்டோம். என் பேச்சு எடுபடலைன்னா நான் விலகிக்குவேன், வேற ஆள் வருவாங்க. அப்புறம் கேப்டன் அனுமதியோட எச்சரிக்கை. அதுக்கும் அடங்கலைன்னாத்தான் கையைக் கட்டுறது."

கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் முப்பது வருஷம் நான் செய்ததும் இதுதானே! ஒரே வித்தியாசம், எனக்கு வகுப்பறைக்கு ஒரு வாசல் இருந்தது. அடங்காதவனை வெளியே நிறுத்தலாம். அவளுக்கு வெளியே முப்பத்தைந்தாயிரம் அடி.

ஆர்லி ஹோக்ஷில்ட் என்ற சமூகவியலாளர் 1983-ல் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து எழுதிய நூல் புகழ்பெற்றது. கத்தும் பயணியைக் குழந்தையாக நினைத்துக்கொள், அவருக்கு வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்துக்கொள் என்று பயிற்சியில் சொல்லித் தந்தார்களாம். கோபத்தை விழுங்கிச் சிரிப்பதும் உழைப்புதான், அதற்கும் களைப்பு உண்டு என்றார் அவர். மூட்டை தூக்கினால் முதுகு வலிக்கும் என்று நமக்குத் தெரிகிறது. சிரித்துச் சிரித்து மனம் வலிப்பது தெரிவதில்லை.

பயணியே முதலாளியாக இருந்தால்? 2014 டிசம்பரில் நியூயார்க்கில் அதுவும் நடந்தது. கொரியன் ஏர் நிறுவனத் தலைவரின் மகள், அவரே நிறுவனத்தின் துணைத் தலைவர், முதல் வகுப்பில் இருந்தார். கொட்டைப் பருப்பைத் தட்டில் வைக்காமல் பொட்டலமாகத் தந்தார்கள் என்று கோபித்து, நகரத் தொடங்கிய விமானத்தைத் திருப்பச் செய்து, பணியாளர் தலைவரை இறக்கிவிட்டார். தென் கொரியாவே கொதித்தது. நீதிமன்றம் ஓராண்டுச் சிறை விதித்தது. மேல்முறையீட்டில் அது குறைந்து நிறுத்தி வைக்கப்பட்டது என்றாலும், ஒரு செய்தி உலகுக்குப் போய்விட்டது: விமானத்துக்குள் முதலாளியும் பயணிதான்.

நம் நாட்டுக்கு வருவோம். 2017-ல் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் விமான ஊழியர் ஒருவரை அடித்த விவகாரம் பெரிதானது. அந்த ஆண்டு செப்டம்பரில் புதிய விதிகள் வந்தன. மூன்று நிலைகள். வாயால் வம்பு என்றால் 3 மாதம் வரை பறக்கத் தடை. கை நீட்டினால் 6 மாதம் வரை. உயிருக்கு ஆபத்தான செயல் என்றால் குறைந்தது 2 ஆண்டு. விசாரிப்பது ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு.

விதி இருந்தால் போதாது, அதைப் பயன்படுத்தும் துணிவும் வேண்டும். 2022 நவம்பரில் நியூயார்க்கிலிருந்து டெல்லி வந்த ஏர் இந்தியா விமானத்தில், மூத்த பெண் பயணி ஒருவரிடம் குடிபோதையில் ஒருவர் மிக அருவருப்பாக நடந்துகொண்டதாகப் புகார். அவர் மறுத்தார். அதைத் தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் நடந்ததைக் கையாண்ட விதத்துக்காக நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதமும், தலைமை விமானிக்கு 3 மாத உரிம நிறுத்தமும் கிடைத்தன. சமாதானம் செய்து வைப்பது எல்லா நேரத்திலும் நியாயம் ஆகாது. பாதிக்கப்பட்டவர் பக்கம் முதலில் நிற்க வேண்டும். பஞ்சாயத்து பண்ணிப் பழகிய நமக்கு இது ஒரு பாடம்.

ஏன் இவ்வளவு எழுதுகிறேன்? நம் குடும்பக் குழுவில் ஒரு காணொளி சுற்றியது. ஒரு பயணி கத்துகிறார், பணிப்பெண் கை கட்டி நிற்கிறாள். "தட்டு எடுக்குற பொண்ணுக்கு என்ன திமிர்" என்று ஒருவர் எழுத, பலர் சிரித்த பொம்மை போட்டிருந்தார்கள். உறவுகளே, அந்தப் பெண்ணின் முதல் வேலை தட்டு எடுப்பதல்ல. தீப்பிடித்தால் தொண்ணூறு நொடிக்குள் உங்களை வெளியேற்றப் பயிற்சி பெற்றவள் அவள். என் மாணவி கை வீங்கி வீட்டுக்கு வந்த நாளும் உண்டு. அடித்தவர் படித்தவர்தான். புகார் கொடுத்தாயா என்றேன். "அடுத்த ஃபிளைட்டுக்கு நேரமாயிடுச்சு டீச்சர்" என்றாள். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

உங்களில் பலர் துபாய், தோஹா, சிங்கப்பூர் என்று போய் வருகிறீர்கள். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். முன்பெல்லாம், விமானம் பதிவான நாடு வேறு என்றால் இறங்கிய நாட்டுப் போலீஸ் பல நேரம் கையை விரித்துவிடும். அந்தக் குறையைப் போக்க 2014-ல் மான்ட்ரியலில் செய்த திருத்தம் 2020 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதை ஏற்ற நாடுகளில், இறங்கிய இடத்திலேயே வழக்கு வரும். பெட்டி வைக்கும் இடத்துக்காகப் போட்ட சண்டையில் விசாவும் வேலையும் போகலாம். வீட்டில் உங்களை நம்பி எத்தனை பேர் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து இருக்கையில் தகராறு என்றால் நீங்களே நியாயம் பேச இறங்காதீர்கள். அழைப்பு மணியை அழுத்துங்கள். அவர்கள் உதவி கேட்டால் மட்டும் எழுங்கள். கேட்காவிட்டால் இருக்கைப் பட்டையைப் போட்டுக்கொண்டு இருந்த இடத்தில் இருங்கள். பின்னர் புகார் தேவைப்பட்டால், பார்த்ததைப் பார்த்தபடி சாட்சி சொல்லுங்கள். அதுதான் அந்தப் பிள்ளைகளுக்கு நாம் செய்யும் பெரிய உதவி.

1948-ல் அந்த விமானத்தின் வாலைக் கனக்க வைத்தது அடித்துக்கொண்ட இரண்டு பேர் அல்ல, எழுந்து ஓடிய மற்றவர்கள்.

எல்லோரும் பத்திரமாகப் போய் வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாறு டீச்சர்