தென்னிந்தியத் திருச்சபையின் உறுதிமொழி

1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 சபைத் தலைவர்கள் கூடினர். பெரும்பாலோர் இந்தியர். தோர்ணக்கல் ஆங்கிலிக்கப் பேராயர் வே. ச. அசரியாவும் தென்னிந்திய ஐக்கிய சபையின் வேதநாயகம் சந்தியாகுவும் முன்னின்றனர். பிரிந்து கிடக்கும் சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அங்கே அறிக்கை வெளியானது. 1925-இல் மெதடிஸ்டுகளும் இணைப்புப் பேச்சில் சேர்ந்தனர்.

பேச்சில் சிக்கலாக இருந்தது குருத்துவம். ஆங்கிலிக்கருக்குப் பேராயர் முறை உயிர்நாடி. மற்றவர்களின் குருமார்களோ பேராயரின் அபிஷேகம் பெறாதவர்கள். அவர்களுக்கு மறு அபிஷேகம் கூடாது என்று முடிவானது. இனி வரும் அபிஷேகங்களைப் பேராயர்களே செய்வர். இரு வகைக் குருமாரும் கலந்திருக்கும் இடைக்காலம் 30 ஆண்டுகள்.

இதைத் தாங்கி நின்றது ஓர் உறுதிமொழி: பழக்கமில்லாத அல்லது மனச்சாட்சி மறுக்கும் வழிபாட்டு முறையையோ குருத்துவத்தையோ எந்தச் சபை மீதும் திணிப்பதில்லை.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை கதீட்ரல் சாலையில் உள்ள புனித ஜார்ஜ் பேராலயத்தில் 14 பேராயங்களுடன் தென்னிந்தியத் திருச்சபை உதயமானது. அசரியா அதற்கு முன்பே, 1945-இல், காலமாகியிருந்தார். நந்தியால் பகுதி ஆங்கிலிக்கர் பலர் இணைய மறுத்தனர்.

1950-இல் புதிய திருவிருந்து ஆராதனை முறை வந்தது. குரு மேசைக்குப் பின்னால் மக்களை நோக்கி நிற்பார். சமாதான வாழ்த்து கைகளைப் பற்றியபடி ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செல்லும். அதையும் யார் மீதும் கட்டாயமாக்கவில்லை. பேராயர் முறைச் சபைகளும் அது இல்லாத சபைகளும் ஒரே திருச்சபையாக இணைந்ததற்கு உலகுக்கு முன்னோடி தென்னிந்தியத் திருச்சபையே.